ஊசிக்குப் பயந்த ரத்தக் காட்டேரி

24 பிப்ரவரி, திங்கள்

இன்று மூன்று பேர் என்னை ரத்தக் காட்டேரி என்றார்கள். ஒருவர் தமிழில், இருவர் ஆங்கிலத்தில். மூன்றாமவர் அதைச் சொல்லிவிட்டு, இந்த நகைச்சுவையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர் தான்தான் என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார். நானும் இருபத்தேழு வருடமாகச் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்துவைத்தேன். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. நாலாம் எண் அறை. ஒரு நாளைக்கு நாற்பது கை. இந்தச் சிரிப்பும் வேலையில் சேர்ந்ததுதான்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு பிரேமின் மகள் ரக்ஷனா என் வாசலில் நிற்கிறாள். சினிமா படித்த பெண், இருபத்தாறு வயது. யாரையும் முடியாது என்று சொல்ல விடமாட்டாள். தமிழ்க் குறும்படப் போட்டி ஒன்று வருகிறதாம். பதினைந்து நிமிடப் படம், ரத்தக் காட்டேரி கதை.

"ஆன்ட்டி, நீங்க நடிக்கணும்."

"காட்டேரியாவா? காலையிலேர்ந்து அந்த வேஷம் போட்டுட்டுதான் வர்றேன்."

"இல்ல லா. நீங்க கடி வாங்குறவங்க. காட்டேரிக்கு வேற அங்கிள் கிடைச்சிட்டாரு. அவரைப் பாருங்க, மேக்கப்பே வேணாம்."

ஐம்பத்தேழு வயதில் ஒரு காட்டேரியாவது என்னைத் தேடி வருகிறதே. பெண் பார்க்க வந்தவர்களில்கூட இத்தனை வருடத்தில் உருப்படியாக ஒருவரும் இல்லை. சரி என்றுவிட்டேன்.

1 மார்ச், சனி

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒத்திகை. கீழே மளிகைக் கடை. கருவாட்டு வாசனையோடு உட்கார்ந்து கதை படித்தோம்.

காட்டேரியின் பெயர் லாசரஸ். வயது அறுபத்து மூன்று. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் பெட்டி தூக்கி ஓய்வு பெற்றவர். ஓஃபீர் ரோட்டுத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசிப்பவராம். ஒரு தோழியின் கல்யாணத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் ரக்ஷனா அவரைப் பிடித்திருக்கிறாள். மனைவி பிரிஜட் இறந்து மூன்று வருடம். மகன் கீத் பெர்த்தில். ஆறடி உயரம், ஒல்லி, வெளுத்த முகம். இத்தனையும் ரக்ஷனா சொன்னது. அவர் "வணக்கம் சிஸ்டர்" என்றதோடு சரி. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். கையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நானும் பார்த்துக்கொண்டேன்.

கதை இதுதான். வீவக அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள் ஒருத்தி. ராத்திரியில் காட்டேரி வந்து கதவைத் தட்டுகிறது. வீட்டுக்காரர் வாய் திறந்து அழைக்காமல் காட்டேரி உள்ளே வரக்கூடாது. வெள்ளைக்காரக் காட்டேரிகளுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டு என்று ரக்ஷனா விளக்கினாள். அவள் அழைக்க மறுக்கிறாள். அவன் வாசலில் நின்றபடியே பேசி மயக்குகிறான். கடைசியில் அழைக்கிறாள், கடிக்கிறான். கடித்த பிறகு இருவரும் லிட்டில் இந்தியாவில் கைகோத்து நடக்கிறார்கள்.

படம் பிடிப்பது ரமீஸ். ஒப்பனை அவர் மனைவி ஷமீமா. "நம்ம ஊர்லயே பொந்தியானாக் இருக்கு, எதுக்கு வெளிநாட்டுலேர்ந்து காட்டேரி?" என்று ரமீஸ் கேட்டார். பொந்தியானாக் பெண் பேய், வாழை மரத்தில் இருப்பது. "நம்ம புளோக்குல வாழை மரம் நட விடுவாங்களா?" என்றாள் ரக்ஷனா. பேச்சு அதோடு முடிந்தது.

மாடிப்படியில் லாசரஸ் நடுவே ஒருமுறை உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறினார். முட்டிவலியாம்.

8 மார்ச், சனி

என் வீட்டில் முதல் நாள் படப்பிடிப்பு. பகல் பதினோரு மணிக்கு ஜன்னலிலெல்லாம் கறுப்புத் துணி கட்டி ராத்திரி ஆக்கினார்கள்.

தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். வெளியே நெடுநெடுவென்று கறுப்புக் கோட்டில் ஒரு மனிதர். என் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "வாங்க, வாங்க."

"கட். ஆன்ட்டி, வாங்கன்னு சொல்லாதீங்க. சொன்னா படம் அங்கயே முடிஞ்சிடும்."

இரண்டாம் முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன். லாசரஸ் தன் வசனத்தை எடுத்தார். போக்கிடம் இல்லாதவன், நூறு வருடமாக அலைகிறவன் என்று அந்தக் குரலில் அவர் சொன்னதும், "ஐயோ, அப்புறம் ஏன் வெளியவே நிக்கிறீங்க" என்றுவிட்டேன். மூன்றாம் முறை வாயைத் திறக்கவேயில்லை. கை போய் நாற்காலியை இழுத்துப் போட்டது. நாலாம் முறை காப்பி போடட்டுமா என்றேன்.

"யாராச்சும் விக்க வந்தவங்கன்னு நினைச்சுக்கங்க," என்றாள் ரக்ஷனா.

"அவங்களுக்கும் தண்ணி குடுத்துதான் அனுப்புவேன்."

என்ன செய்ய? வீட்டு வாசலில் ஒரு மனிதரை நிறுத்தி வைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. காட்டேரியானாலும் வயதானவர். கடைசியில் ஷமீமாதான் வழி சொன்னாள். புடவைக்குக் குத்த வைத்திருந்த ஊக்கை என் பல்லிடுக்கில் வைத்துவிட்டாள். வாய் திறக்க முடியாது. ஏழாவது முறை சரியாக வந்தது. திரையில் பார்த்தபோது நான் மிகவும் கொடூரமானவளாகத் தெரிந்தேன். எனக்கே பிடித்திருந்தது.

முதல் ஆறு முறையும் லாசரஸ் சிரித்தார். கடைசியில் மூச்சு வாங்கி, வாசலில் என் செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

9 மார்ச், ஞாயிறு

நேற்றுச் செய்த உளுந்து வடை முப்பதும் அப்படியே இருக்கிறது. ரமீசும் ஷமீமாவும் ரமலான் நோன்பு. லாசரசுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், நாற்பது நாளும் ஒரே வேளைச் சாப்பாடு. ரக்ஷனா டயட். ரத்தம் குடிக்கிற படத்துக்கு இத்தனை பட்டினிக்காரர்களை எங்கே தேடிப் பிடித்தாளோ.

15 மார்ச், சனி

இன்று காட்டேரியை விரட்டும் காட்சி. நான் சிலுவையை உயர்த்திக் காட்டவேண்டும், அவர் அலறிக்கொண்டு பின்வாங்கவேண்டும்.

காட்டினேன். லாசரஸ் தலை குனிந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அங்கிள், நீங்க அதைப் பாத்துப் பயப்படணும்."

"தெரியும்மா. கை தானாப் போகுது."

நாலு முறை எடுத்தார்கள். நாலு முறையும் காட்டேரி பக்தியோடு கும்பிட்டது. சரி, தமிழ்க் காட்டேரிதானே, விபூதி காட்டலாம் என்று என் பூசை அறையிலிருந்து தட்டை எடுத்துவந்தேன். மனிதர் இரண்டு விரலால் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். "விபூதிப் புதனுக்கு நாங்களும் வைப்போம் சிஸ்டர்" என்று எனக்கு விளக்கம் வேறு. ரக்ஷனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வாங்க என்று அழைக்கிற வீட்டுக்காரி, சாமி கும்பிடுகிற காட்டேரி. இவர்களை வைத்து அவள் எப்படித்தான் பயமுறுத்துவாள், பாவம்.

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. பாடம் எடுக்கும்போது காட்ட ஒரு பழைய ஊசிக்குழாய் கைப்பையில் வைத்திருப்பேன். அதை எடுத்துச் சட்டென்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

லாசரஸ் மூன்றடி பின்னால் போய் அலமாரியில் மோதினார். கண்ணில் அப்படி ஒரு பயம். எல்லாரும் கை தட்டினார்கள். அதுதான் படத்தில் வரப்போகிறது.

ஆனால் கை தட்டி முடித்த பிறகும் அவர் அலமாரியடியில் உட்கார்ந்தே இருந்தார். எழுப்பிவிடக் கை கொடுத்தேன். நகங்களைப் பார்த்தேன்.

16 மார்ச், ஞாயிறு

அந்த நகங்கள். சுத்தமாக வெளுத்துப்போன நகங்கள். கீழ் இமையின் உள்பக்கமும் அப்படித்தான். இருபத்தேழு வருடமாக இதைத்தான் பார்க்கிறேன். அது பட்டினியால் வருகிற வெளுப்பு இல்லை.

ஷமீமா நேற்று ரக்ஷனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் பவுடர்கூடப் போடல. வாராவாரம் அவரே நல்லா வெளுத்துட்டு வர்றாரு. என்ன டெடிகேஷன்." கோவிலில் கேட்டால் தவக்காலம் என்பார்கள். படத்தில் கேட்டால் நடிப்பு என்பார்கள். ஒரு மனிதர் எல்லார் கண்முன்னாலும் ரத்தம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார், எல்லாரும் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

நானும்தானே கை தட்டினேன்?

22 மார்ச், சனி

கடிக்கும் காட்சி. ரத்தத்துக்கு, பண்டோங் என்கிற ரோஸ் பால் கலக்கும் சிரப். அவர் கடிப்பதற்குள் எறும்பு கடித்துவிட்டது.

லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டே குனிந்தார். சிவப்பாக இருப்பது சிரப்பானாலும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர் முகம் என் கழுத்துக்குப் பக்கத்தில். உதட்டில் நிறமே இல்லை. மணிக்கட்டைப் பிடிப்பதுபோல் நாடியைப் பிடித்தேன். சும்மா நிற்கிற மனிதருக்கு நிமிடத்துக்கு நூற்றுப் பத்து. வயிற்றில் எங்கோ ரத்தம் கசிகிறது என்று எனக்குப் பட்டது. மருத்துவர் கேட்கிற கேள்வி என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மிஸ்டர் லாசரஸ், உங்களுக்கு வெளிக்குக் கறுப்பாப் போகுதா?"

  அவர் காட்டேரிப் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்து வைத்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

23 மார்ச், ஞாயிறு

மைக் ஓடிக்கொண்டிருந்ததாம். ரமீஸ் என் கேள்வியை இன்னும் அழிக்கவில்லையாம்.

26 மார்ச், புதன்

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். காப்பிக் கடையில் லாசரஸ். எதிரே பால் இல்லாத காப்பி ஓ, உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. கேட்காமலே எதிரில் உட்கார்ந்தேன்.

"என்ன மாத்திரை?"

"முட்டிக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"தவக்காலம் சிஸ்டர். சாயங்காலம்தான் சாப்பாடு."

"வெறும் வயித்துல, காப்பியோட. ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்க?"

"நாலு. வலி கூட இருந்தா ஆறு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். தவக்காலத்துக்கு முன்பிருந்தே, வருடக் கணக்கில். தவக்காலத்தில் மட்டும் வெறும் வயிற்றில், ஆண்டவருக்குக் காணிக்கையாக. எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. வயிற்றில் புண் வந்திருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், அஞ்சு நிமிஷ வேலை என்றேன்.

அவர் மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிஜட்டும் அப்படித்தான் போனா. சும்மா அசதியா இருக்குன்னு. டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்குற வரைக்கும் நல்லா இருந்தா. நாலு மாசத்துல போயிட்டா."

"டெஸ்ட்டால யாரும் போறதில்ல."

"மூளைக்குத் தெரியுது. உடம்பு கேக்க மாட்டேங்குது." காப்பியை நகர்த்தி வைத்துவிட்டு, "நாலாம் நம்பர் ரூம். நீங்கதான் எடுத்தீங்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான்னு சொன்னீங்க, அவ சிரிச்சா. நான் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. எழுந்து போனார். மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

27 மார்ச், வியாழன்

ஞாபகம் வரல. நேத்திலேர்ந்து யோசிக்கிறேன், வரல. என்ன ஜாக்கெட், என்ன புடவை, தலையில பூ வச்சிருந்தாங்களா, ஒண்ணும் வரல. எறும்பு கடி — அதை நான் எல்லாருக்கும் சொல்றேன். தினம் நாப்பது பேருக்குச் சொல்றேன். அதுல ஒருத்தருக்கு அதுதான் கடைசி சிரிப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?

இன்று யாருக்கும் எறும்பு கடி என்று சொல்லவில்லை. வலிக்கும், கொஞ்சம்தான் என்றேன். ஒரு பெரியவர், "என்னம்மா இன்னைக்கு மூடு சரியில்லையா?" என்று கேட்டார்.

29 மார்ச், சனி

லாசரஸ் வரவில்லை. முட்டிவலி, மன்னிக்கவும் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். மீதி இருப்பது கடித்ததற்குப் பிறகு வருகிற காட்சிகள்தானாம், நோன்புப் பெருநாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ரக்ஷனா. அவளுக்குப் படம் முடியுமா என்று கவலை. எனக்கு அவர் அதுவரைக்கும் தாங்குவாரா என்று.

3 ஏப்ரல், வியாழன்

விடுப்பு எடுத்தேன். எதற்கு என்று மேலதிகாரி கேட்டார். கோவிலுக்கு என்றேன். எந்தக் கோவில் என்று அவர் கேட்கவில்லை.

ஓஃபீர் ரோடு. வாசல் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். தரை ஜில்லென்றிருந்தது. பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன், மற்றவர்கள் எல்லாரும் காலில் செருப்போடும் சப்பாத்தோடும் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் போக வெட்கமாக இருந்தது.

பூசை முடிந்து ஃபாதர் வந்தார். நீங்கள் எந்தப் பங்குக் கோவில் என்று கேட்டார்.

"நான் காத்தோங் செண்பக விநாயகர், ஃபாதர். ஒரு சந்தேகம். தவக்காலத்துல மருந்துக்கு முன்னாடி சாப்பிட்டா பாவமா?"

"அறுபது வயசு ஆயிட்டா நோன்பே கட்டாயமில்லம்மா. உடம்பு முடியாதவங்களுக்கு எந்த வயசுலயும் இல்ல. யாருக்குக் கேக்குறீங்க?"

"ஒரு ரத்தக் காட்டேரிக்கு."

ஃபாதர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு முழுக் கதையையும் சொன்னேன். சிலுவையைப் பார்த்துக் காட்டேரி கும்பிட்டது வரைக்கும். அவர் சிரித்த சிரிப்பில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். லாசரசிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

அதற்குத் தேவை வரவில்லை. வெளியே வந்தால் படியில் லாசரஸ் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் செருப்பு, வெயில் படாத இடத்தில் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"பூசைக்கு வந்தா வாசல்ல ஒரு ஜோடி செருப்பு. ஏழு தடவை உங்க வீட்டு வாசல்ல பாத்தது. இங்க யாரும் கழட்ட மாட்டாங்க சிஸ்டர்."

"உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சுது."

"எதுக்கு வந்தீங்க?"

"உங்க மேல புகார் குடுக்க."

சிரித்தார். அப்புறம் சாலையில் போகிற பேருந்துகளைப் பார்த்தபடியே சொன்னார். 

"அன்னைக்கு மார்க்கெட்ல பாதிதான் சொன்னேன். பிரிஜட் உங்க ரூம்லேர்ந்து வெளிய வந்து, 'அந்தம்மா நல்லாப் பேசுறாங்க, குத்தினதே தெரியல'ன்னா. வீடு வர்ற வரைக்கும் உங்களைப் பத்தித்தான் பேச்சு. அதை உங்ககிட்ட சொல்லாம விட்டது எனக்கே சரியாப் படல."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். கண் கலங்கியதைக் குனிந்து மறைக்க அது வசதியாக இருந்தது.

4 ஏப்ரல், வெள்ளி

காலை ஏழு நாற்பதுக்கு லாசரஸ் தானாகவே வந்துவிட்டார். மருத்துவரைப் பார்த்து, சீட்டு வாங்கி, நாலாம் எண் அறைக்கு. ஆறாம் எண் காலியாகத்தான் இருந்தது. இங்கேதான் வருவேன் என்று காத்திருந்தாராம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நெற்றியெல்லாம் வேர்வை.

"கண்ணை மூடிக்கட்டுமா சிஸ்டர்?"

"மூடுங்க. இப்ப பகல். காட்டேரிக்கு இது தூங்குற நேரம்."

சிரிப்பு வந்த நேரத்தில் ஊசியை ஏற்றிவிட்டேன். நரம்பு சற்று உள்ளே தள்ளி ஓடுகிறது. ஒரே குத்தில் கிடைத்தது. மூன்று குழாய். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, செபம். பஞ்சை வைத்து அழுத்தி, முடிந்தது என்றேன். அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை.

மதியம் ஆய்வகத்திலிருந்து அவசரத் தொலைபேசி. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி நாலு. ஆணுக்குப் பதிமூன்றாவது இருக்கவேண்டும். மருத்துவர் அவரைக் கூப்பிட்டு ஆம்புலன்சில் அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு நரம்பு தவறி இரண்டு பேருக்கு இரண்டாம் முறை குத்தவேண்டியதாகிவிட்டது.

5 ஏப்ரல், சனி

செய்தி இல்லை. நான் யாரென்று சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்பது? கடி வாங்கியவள் என்றா?

6 ஏப்ரல், ஞாயிறு

பார்க்க விட்டார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கிறது. அடைத்துவிட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை. இரண்டு முறை எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டாவது ரத்தப் பை ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுத்திருந்தார். கழுத்து வலிக்கிறது, அந்தப் பையை எதனாலாவது மூடமுடியுமா என்று கேட்டார். தாதியிடம் கேட்டு, என் துண்டை அதன் மேல் போட்டேன். பிறகுதான் திரும்பினார்.

"யாரோட ரத்தம் சிஸ்டர்?"

"தெரியாது. யாரோ புண்ணியவான்."

"காட்டேரிங்க கேக்காம எடுத்துக்கும். எனக்குக் கேக்காமலே குடுத்துட்டுப் போயிருக்காங்க." துண்டைப் பார்த்தார். "பிரிஜட்டுக்கும் இப்படிச் சரியாகியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

 துண்டைச் சரிசெய்தேன். பெர்த்திலிருந்து கீத் நாளை வருகிறானாம். அப்பாவை அங்கேயே கூட்டிப்போகப் பேசிக்கொண்டிருக்கிறானாம். அதைக் கேட்டதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். இது என்ன, ஒரு படம் முடிந்துவிட்டால் நடிகர் எங்கே போனால் எனக்கென்ன?

12 ஏப்ரல், சனி

லாசரஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். பெர்த் போகவில்லை. மகனிடம் படம் பாதியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பாவம் கீத், அப்பா எப்போது நடிகரானார் என்று குழம்பித் திரும்பிப் போயிருக்கிறான்.

26 ஏப்ரல், சனி

மீதிக் காட்சிகள். கேம்பல் லேன், பூக்கடை, தேக்கா மேம்பாலம். ஈஸ்டர் முடிந்துவிட்டது, பெருநாளும் முடிந்துவிட்டது. எல்லாரும் சாப்பிட்டார்கள். லாசரஸ் மட்டன் ஈரலை இரண்டு முறை கேட்டு வாங்கினார். முட்டிக்கு இப்போது வேறு மருந்து, தைலம்.

ரக்ஷனா அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அங்கிள், ஏன் இப்படி நல்லாயிட்டீங்க? போன மாசம் எடுத்ததோட மேட்ச் ஆகாது."

"மன்னிச்சிடும்மா," என்றார் அவர், உண்மையாகவே வருந்தி.

என்ன மாவு பூசினாலும் அந்தப் பழைய வெளுப்பு வரவில்லை. ஷமீமா துடைத்துவிட்டுச் சும்மா விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நடந்தோம், ரமீஸ் எடுத்தார். நாலு முறை. நாலாவது முறை சரியாகத்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் ஐந்தாவது ஒன்று எடுக்கலாமா என்று லாசரஸ்தான் கேட்டார்.

17 மே, சனி

திரையிடல். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரங்கம். இருநூறு பேர் இருப்பார்கள்.

பல்லில் ஊக்கோடு நான் கதவைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. ரக்ஷனா பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். ஊசிக்குழாயைக் கண்டு காட்டேரி அலமாரியில் மோதியபோது அரங்கமே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாசரஸ் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு கடி. அதற்கடுத்த காட்சி, கேம்பல் லேன். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அதுவரை செத்தவன் போல வெளுத்திருந்த மனிதர், கடித்த மறுநிமிடம் கன்னத்தில் நிறத்தோடு, உதட்டில் சிவப்போடு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருகிறார். உள்ளே ரத்தம் போயிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

படத்துக்குப் பரிசு இல்லை. சிறந்த ஒப்பனைக்கு ஷமீமாவுக்குப் பரிசு. உயிரில்லாத உடலில் மெல்ல மெல்ல ரத்தம் ஊறுவதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய ஒப்பனையை இதுவரை பார்த்ததில்லை என்றார் நடுவர். என்ன பொருள்களைப் பயன்படுத்தினீர்கள் என்று மேடையில் கேட்டார். ஷமீமா என்னைப் பார்த்தாள், ரமீசைப் பார்த்தாள்.

"ரெண்டு பை... ஸ்பெஷலா வரவழைச்சது, சார்," என்றாள்.

நாங்கள் ஐந்து பேரும் புரோட்டாக் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான் ஹீமோகுளோபின் பற்றி ரக்ஷனாவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது வயதுக்கு மேல் வருடம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று. லாசரஸ் புரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க சிஸ்டர்?"

யோசித்தேன். ஆறு வருடமா, ஏழா.  நாலு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அடுத்தவங்க எடுத்தா எனக்குப் பிடிக்காது," என்றேன். "எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல."

"சரி. வியாழக்கிழமை போவோம். நான் கூட வந்து உக்காந்திருக்கேன். ஆனா பாக்க மாட்டேன்."

22 மே, வியாழன்

ஆறாம் எண் அறை. திவ்யதர்ஷினிதான் எடுத்தாள், நான் பயிற்சி கொடுத்த பெண். இரண்டு முறை குத்தினாள். எனக்கு வலித்தது. இத்தனை வருடம் எறும்பு கடி என்று சொன்னதற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

லாசரஸ் பக்கத்து நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம் ஒட்டியிருக்கிறது, அதை முழுதும் படித்தார். முகம் வியர்த்திருந்தது. என் இன்னொரு கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். திவ்யதர்ஷினி முடித்துப் பஞ்சு வைத்து ஒட்டிய பிறகும் விடவில்லை. முடிஞ்சிடுச்சு என்று நானும் சொல்லவில்லை.